ஏசி போட்டால் ஐடிலிங் இறங்குகிறதா? கம்ப்ரசரில் கை வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேட்கப்பட்டது இதுதான்: 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். ஏசி இல்லாமல் நின்றால் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், 800 ஆர்பிஎம்மில் ஆடாமல் நிற்கிறது. ஏசி சுவிட்சை அழுத்தியதும் ஆர்பிஎம் மீட்டர் முள் 550 வரை விழுந்து, ஸ்டீயரிங் நடுங்கி, இரண்டு மூன்று விநாடி கழித்து மெதுவாக 900-க்கு வருகிறது. வெயில் நேரத்தில் சிக்னலில் நிற்கும்போது சில சமயம் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. முன் கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் பக்கம் நாபைத் திருப்பினாலும் அதே மாதிரி ஆகிறது. கூலிங் குறையவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசர் டைட் ஆகிவிட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். டைட் ஆன கம்ப்ரசராக இருந்தால் முள் விழுந்தது விழுந்தபடியே கிடக்கும், பெல்ட் கத்தும், கூலிங்கும் அடிவாங்கும். உங்கள் வண்டியில் முள் தானாகத் திரும்பி 900-க்கு வந்து நின்றுவிடுகிறது. அதாவது கம்ப்ரசரைச் சுற்றத் தேவையான பலம் இன்ஜினில் இருக்கிறது, அது வந்து சேருவதில்தான் தாமதம். இந்த ஒரு விவரமே சந்தேகத்தைக் கம்ப்ரசரிலிருந்து இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி பக்கம் திருப்பப் போதும். ஆனாலும் நான் இங்கிருந்து சொல்வதை நம்பி நீங்களும் எதையும் மாற்ற வேண்டாம், வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

முதலில் சுவிட்சை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நீங்கள் அழுத்தும் பட்டன் கம்ப்ரசருக்கு நேராகக் கரன்ட் கொடுப்பதில்லை. அது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவிடம் ‘ஏசி வேண்டும்’ என்று கேட்கிறது, அவ்வளவுதான். கூலிங் காயிலில் இருக்கும் சென்சார், கேஸ் லைனில் இருக்கும் பிரஷர் சுவிட்ச், இன்ஜின் சூடு, ஆர்பிஎம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இசியூ முதலில் இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்றைத் திறந்துவிடும், அதற்கு அப்புறம் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் ரிலேயை இழுக்கும். அப்போதுதான் பானட்டுக்குள் ‘டக்’ என்று கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு சேர்க்கும் மேக்னட் கிளட்ச் ஒட்டும் சத்தம் கேட்கிறது. ஐடிலிங்கில் ஒரு சின்ன இன்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் சக்தி எடுத்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் கம்ப்ரசர் வந்து இரண்டு மூன்று குதிரைத்திறன் கேட்டால் அது பெரிய சுமை. காற்று முன்கூட்டியே தயாராக இருந்தால் முள் 50, 100 அசைந்துவிட்டுத் திரும்பிவிடும். காற்று வர லேட் ஆனால் உங்கள் வண்டி செய்வதைத்தான் செய்யும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதே வேலையை, இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில் (வேக்கம்) வேலை செய்யும் சொலினாய்டும் ஒரு டயாஃப்ரமும் செய்தன, மெக்கானிக்குகள் ‘ஐடில் அப்’ என்று சொல்வது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வப்போது ‘டக்’ சத்தத்தோடு முள் லேசாக ஏறி இறங்கினால் அது பழுது இல்லை. கூலிங் காயில் மூன்று நான்கு டிகிரிக்கு வந்ததும் பனி கட்டாமல் இருக்கக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, சூடு கொஞ்சம் ஏறியதும் மறுபடி போடுவது ஃபிக்சட் கம்ப்ரசர் வண்டிகளின் இயல்பு. மழை நாளிலும் ராத்திரியிலும் இது அடிக்கடி நடக்கும், மே மாத மதியத்தில் கம்ப்ரசர் கட் ஆகாமலே ஓடும். இதைப் பார்த்துப் பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஐந்து பத்து விநாடிக்கு ஒருமுறை கட் ஆகி ஒட்டிக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம், அப்போது கேஸ் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, இப்போது சோதனைக்கு வருவோம். இன்ஜின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். டாஷ்போர்டில் இருக்கும் நாபுகளை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பத்து விநாடி விட்டுத் திருப்புங்கள். எந்த நாப் முள்ளை அசைக்கிறது என்பதுதான் இங்கே பதில்.

ஏசி லைட் அணைந்திருக்கும்போது ப்ளோயரை மட்டும் ஒன்றிலிருந்து ஃபுல்லுக்கு வையுங்கள். இது வெறும் எலக்ட்ரிக்கல் லோடு, ஃபுல்லில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். இத்தோடு ஹெட்லைட், பின் கண்ணாடி டிஃபாகர் இருந்தால் அதையும் போடுங்கள். முள் ஒரு நூல் அசைந்துவிட்டு நின்றால் சரி. கம்ப்ரசரே ஓடாதபோதும் முள் நூறு இருநூறு விழுந்தால் ஏசி பக்கம் போகவே வேண்டாம், முதலில் டைனமோ, பேட்டரி, எர்த் வயர் இந்த மூன்றையும் பாருங்கள்.

அடுத்து நாபை முன் கண்ணாடி பக்கம் திருப்புங்கள். பல வண்டிகளில் அந்த இடத்துக்கு வந்ததும், ஏசி லைட் எரியாவிட்டாலும், கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்துவிடும், காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்தால்தான் கண்ணாடிப் பனி சீக்கிரம் போகும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் இரண்டாவது பிரச்சனை என்று நினைத்தது முதல் பிரச்சனையேதான். ப்ளோயர் ஓடும்போது நாபை அங்கே வைத்துவிட்டு ‘டக்’ சத்தம் வருகிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும். சூடு, குளிர் மாற்றும் நாபையும் காற்று வெளியிலிருந்தா உள்ளேயேவா என்று மாற்றும் லீவரையும் திருப்பிப் பாருங்கள், அவை வெறும் கேபிளில் காற்றுப் பாதையில் இருக்கும் கதவை நகர்த்துகின்றன, அதனால் உடனே முள் அசையக் கூடாது.

இப்போது ஏசிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. ஏசியை ஆஃப் செய்துவிட்டு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் ஆனாலும் எலக்ட்ரிக் ஆனாலும் அது இன்ஜினுக்கு ஒரு சுமை. அப்போதும் முள் விழுந்து மெதுவாகத் திரும்பினால், இன்ஜின் எந்தச் சுமை வந்தாலும் தடுமாறுகிறது என்று அர்த்தம், ஏசி அதில் பெரிய சுமை என்பதால் அது மட்டும் கண்ணில் படுகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்து நான் பார்த்ததில்லை, நேராக, கேஸ் பிரஷர் அளக்கும் மேனிஃபோல்டு கேஜை எடுத்துக்கொண்டு கேஸ் பார்க்கத்தான் போகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இனிமேல்தான். இன்ஜினை நிறுத்திவிட்டு, கம்ப்ரசரின் மேக்னட் கிளட்சுக்குப் போகும் ஒற்றை வயர் கனெக்டரைக் கழற்றி, உலோகத்தில் படாமல் ஓரமாக வைத்து, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாமல் கட்டிவிடுங்கள். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றும், கையும் துப்பட்டாவும் பத்திரம். இப்போது ஸ்டார்ட் செய்து ஏசி போட்டால் கேட்கும் சிக்னல் போகும், இசியூ காற்றைத் திறக்கும், ஆனால் கம்ப்ரசர் ஒட்டாது, சுமை வராது. முள் 800-லிருந்து உடனே துள்ளி 900, 950 என்று ஏறினால் சுவிட்ச், சிக்னல், இசியூ, காற்று திறக்கும் மோட்டார் எல்லாம் வேலை செய்கின்றன, மிச்சமிருப்பது சுமை அளவுக்கு மீறியிருக்கிறதா என்ற கேள்வி மட்டும்தான். முள் நகராமல் இருந்தாலோ, சோம்பலாக ஊர்ந்து ஏறினாலோ காற்றுப் பக்கம்தான் தவறு, அந்த நிலையில் புதுக் கம்ப்ரசர் போட்டாலும் முள் அதே 550-க்குத்தான் விழும். சில வண்டிகளில் கேஸ் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகே ஐடிலை முழுசாக ஏற்றுவார்கள், அவற்றில் இந்தத் துள்ளல் சின்னதாக இருக்கும், இருந்தாலும் சட்டென்று வர வேண்டும்.

நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் ஊர்ந்துதான் ஏறும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றி, த்ராட்டில் பாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை நிறத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அந்தத் தட்டு மூடி உட்காரும் விளிம்பைச் சுற்றி, கண்மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம் தெரியும், விரல் வைத்தால் பிசுபிசுப்பாக ஒட்டும். இன்ஜினின் எண்ணெய்ப் புகை பிசிவி வால்வு வழியாகத் திரும்பி வந்து படிந்த கரி அது. ஐடிலிங்கில் இன்ஜின் மூச்சு விடுவது இந்தத் தட்டின் ஓரத்து மயிரிழை இடைவெளி வழியாகவும் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாகவும்தான், அதனால் அரை மில்லிமீட்டர் கரி கூடப் பெரிய அடைப்பு. ஏசி இல்லாதபோது இசியூ இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வால்வைக் கூடுதலாகத் திறந்து சமாளித்துவிடும், அதனால்தான் 800-ல் ஆடாமல் நிற்கிறது. கம்ப்ரசர் ஒட்டியதும் இன்னும் திறக்க வேண்டும், அதற்கான இடம் மிச்சமில்லை, அல்லது கணக்கு வைத்த அளவு திறந்தும் காற்று அந்த அளவு வருவதில்லை.

ஆக்சிலரேட்டர் கேபிள் நேராக த்ராட்டிலுக்கு வந்தால் உங்கள் வண்டியில் தனியாக ஒரு ஐடில் வால்வு, ஐஏசி என்பார்கள், த்ராட்டில் பாடியின் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும். அதன் வழியையும் அது உட்காரும் ஓட்டையையும் சுத்தம் செய்ய வேண்டும், கூம்பு முனையைக் கையால் உள்ளே அமுக்கக் கூடாது, உள்ளிருக்கும் மரை பாழாகும். கேபிள் இல்லாமல் வயர் மட்டும் வந்தால் அது எலக்ட்ரானிக் த்ராட்டில், தனி வால்வு கிடையாது, தட்டே மோட்டாரில் திறந்து மூடி ஐடிலைப் பார்த்துக்கொள்கிறது. இதில் சாவியை ஆன் செய்துகொண்டு தட்டை விரலால் தள்ளவே தள்ளாதீர்கள். கனெக்டரைக் கழற்றிவிட்டு, த்ராட்டில் பாடிக்கு என்று விற்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராக உள்ளே பீய்ச்சினால் மோட்டார் பக்கம் இறங்க வாய்ப்புண்டு.

சுத்தம் செய்ததும் ஐடிலிங் 1200, 1300 என்று தூக்கிக்கொண்டு நிற்கலாம். கெடுத்துவிட்டோமோ என்று பதறாதீர்கள். அடைப்பு இருந்த காலத்துக்கு இசியூ கற்றுவைத்த கணக்கு இன்னும் மாறவில்லை, அதனால்தான். சில வண்டிகளில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி, சூடாகும்வரை ஐடிலில் விட்டு, பிறகு ஏசி போட்டும் சில நிமிடம் விட்டால் புதிதாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்து ரீசெட் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்பதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: த்ராட்டில் தட்டு மூடி நிற்கும் இடத்தில் இருக்கும் ஸ்டாப்பர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைத் தூக்க யாரையும் விடாதீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. அன்றைக்குச் சரியானது போலத் தெரியும். ஆனால் தட்டு முழுசாக மூடியிருக்கிறது என்று இசியூ தெரிந்துகொள்வது த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் அளவை வைத்துத்தான், ஸ்க்ரூ திருகியதும் அந்த அளவு மாறி, காலை எடுத்தாலும் வண்டி ஐடிலில் இருக்கிறது என்பதே இசியூவுக்குப் புரியாமல் போகலாம். அப்புறம் ஏசி இல்லாமலும் ஐடில் அலையும், மைலேஜும் குறையும், கம்பெனி அளவுக்கு அதைத் திருப்பி வைப்பது பெரிய வேலை.

த்ராட்டில் சுத்தமாக இருந்து, கனெக்டர் கழற்றிய சோதனையில் முள்ளும் துள்ளி ஏறியது, ஆனால் கம்ப்ரசர் ஒட்டினால் மட்டும் விழுகிறது என்றால் சுமைப் பக்கம் வரலாம். அதிலும் முதல் குற்றவாளி ஃபேன். ஏசி போட்டதும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் வழியாகக் காற்று இழுக்கும் ஃபேன் சுற்ற வேண்டும், சில வண்டிகளில் பிரஷர் ஏறிய பிறகு சுற்றும். அது சுற்றவில்லை, மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கண்டன்சர் முழுக்கத் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறது என்றால் சூடு வெளியேறாமல் ஹை சைடு (கம்ப்ரசர் கேஸை அழுத்தி அனுப்பும் பக்கம்) பிரஷர் எகிறும், அதே கம்ப்ரசரைச் சுற்ற இன்ஜின் அதிகம் திணற வேண்டியிருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றில் சரியாகி, நிற்கும்போது மட்டும் பிரச்சனை வரும். வெயில் நேரத்தில் சிக்னலில் மட்டும் ஆஃப் ஆகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை அவசியம் பாருங்கள். கண்டன்சரைத் தண்ணீரில் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் பிரஷரில் கிட்ட வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும், சாதா பைப் போதும்.

அடுத்தது கேஸ் அதிகம். கூலிங் இன்னும் நன்றாக வரட்டும் என்று அளவில்லாமல் ஏற்றிவிடுவது நம்மூரில் சகஜம். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், சின்ன வண்டிகளுக்கு அரைக் கிலோ கூட வராது. கேஜ் மாட்டினால், 2011 வண்டி என்பதால் ஆர்134ஏ கேஸ், 35 டிகிரி வெயிலில் இன்ஜின் ஓடாமல் வெகுநேரம் நிற்கும்போது இரண்டு பக்கமும் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். இது கேஸின் குணம், பாதி கேஸ் இருந்தாலும் அதே 115-தான், இதை வைத்து ‘கேஸ் ஃபுல்லாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஓடும்போது பார்க்க வேண்டும். ஹை சைடு 200, 250-க்குப் பக்கத்தில் இருந்தால் இந்த வெயிலுக்கு இயல்பு, 300-ஐத் தாண்டினால் ஃபேன், கண்டன்சர், அதிக கேஸ், லைனில் காற்று புகுந்தது இவற்றில் ஒன்று. கேஸை நீங்களாகத் திறந்துவிட முயலாதீர்கள், கையில் பட்டால் பனிப்புண் ஆகும், முழுசாக எடுத்து எடை போட்டு ஏற்றும் மெஷின் உள்ள இடத்துக்கே போங்கள்.

கம்ப்ரசர் உண்மையிலேயே டைட்டா என்பதை இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். கம்ப்ரசர் முன்னால் பெல்ட் ஓடும் புல்லிக்கு வெளியே ஒரு தட்டு இருக்கும், அதை மட்டும் விரலால் சுற்றுங்கள். சீராக, கொஞ்சம் இறுக்கத்தோடு சுற்றினால் நல்லது. கரகரவென்று மாட்டி மாட்டிச் சுற்றினாலோ சுற்றவே மறுத்தாலோ ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி.

எலக்ட்ரிக்கல் பக்கம் என்று சந்தேகம் வந்தவர்கள் ஒரு சாதாரண மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். ஐடிலில் 13.8 முதல் 14.5 வோல்ட், ப்ளோயர், லைட், ஏசி எல்லாம் போட்ட பிறகும் 13-க்குக் கீழே போகக் கூடாது. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, எல்லா லோடும் ஓடும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. கடற்கரை ஊர் வண்டிகளில் இது சர்வசாதாரணம், ஒரு போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டால் முடிகிற வேலை.

வண்டியின் கம்ப்யூட்டரோடு போனை இணைக்கும் ஓபிடி அடாப்டர் கைவசம் இருந்தால் போனில் ஆர்பிஎம், மேனிஃபோல்டு பிரஷர் (த்ராட்டிலைத் தாண்டிய காற்றின் அழுத்தம்), ஃபியூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) மூன்றையும் பார்த்துக்கொண்டே ஏசி போடுங்கள். சூடான, நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் ஐடிலில் மேனிஃபோல்டு பிரஷர் 30-லிருந்து 40 கிலோபாஸ்கலுக்குள் இருக்கும், ஏசி ஒட்டினால் சில புள்ளி ஏறும். பி0506 என்ற எரர் கோடு (code) இருந்தால் ஐடில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பி0507 என்றால் அதிகம். வேக்கம் லீக், அதாவது த்ராட்டில் வழியாக இல்லாமல் வேறு வழியில் காற்று புகுவதைத் தேடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் லீக் இருந்தால் ட்ரிம் பத்து சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் போகும். மேனிஃபோல்டு பிரஷரை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில், நம்மூர்ச் சின்னக் கார்களில் பல அப்படித்தான், லீக்காகும் காற்றுக்கும் சேர்த்தே பெட்ரோல் போய்விடும், ட்ரிம் சாதாரணமாகக் காட்டிக்கொண்டே ஐடில் மட்டும் தூக்கி நிற்கும்.

முள் விழாமல் நடுக்கம் மட்டும் வருகிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. ஏசி போட்டு 850, 900-ல் முள் நிலையாக நின்றும் சீட் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள், அடுத்து ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று லேசாக மிஸ் ஆனாலும் சுமை வரும்போதுதான் வெளியே தெரியும்.

அமெரிக்கா, கனடாவில் பழைய வண்டி வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. ஜீப், ஃபோர்டு, ஜிஎம் வண்டிகள் பலவற்றில், 2000-களின் தொடக்கம் வரைகூட, காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மாற்றும் கதவுகளை நகர்த்துவது இன்ஜின் வேக்கம்தான். அங்கே ஏசி ஓடாமலே, வெறும் நாபைக் கால் பக்கத்துக்கோ முகத்துக்கோ திருப்பினால் ஐடில் மாறி டாஷ்போர்டுக்குள் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால், அந்த இடத்துக்குரிய டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அந்த நிலைக்கு நாபைத் திருப்பும்போது மட்டும் இன்ஜினுக்குள் அளவில்லாத காற்று போகிறது. மேடு ஏறும்போது முகத்துக்கு வந்த காற்று தானாகக் கண்ணாடிக்குப் போய்விடுகிறது என்றால் செக் வால்வோ வேக்கம் டேங்கோ ஓட்டை. பானட்டுக்குள்ளிருந்து டாஷ்போர்டுக்குப் போகும் மெல்லிய வேக்கம் டியூபைக் கழற்றி, இன்ஜின் பக்க முனையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஐடில் எந்த நாபுக்கும் அசையாமல் நின்றால் லீக் உள்ளேதான். கேபிளிலோ சின்ன மோட்டாரிலோ கதவு நகரும் உங்கள் வண்டிக்கு இந்தப் பத்தி வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை: ஸ்டீயரிங் ஒடிக்கும் சோதனை, கம்ப்ரசர் கனெக்டர் சோதனை, பிறகு த்ராட்டில் பாடி. ஸ்டீயரிங் ஒடித்தபோது முள் எவ்வளவு விழுந்தது, கனெக்டர் கழற்றி ஏசி போட்டபோது எவ்வளவு ஏறியது, ஏசி போட்டதும் கண்டன்சர் ஃபேன் சுற்றியதா, இந்த மூன்றையும் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்தது சொல்கிறேன். அதுவரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பச்சை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏசியை ஆஃப் செய்துவிட்டு, வண்டி நகர்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள், நடு ரோட்டில் ஆஃப் ஆகி நிற்க வேண்டியிருக்காது.